மூச்சு தெரியக்கூடாது

வாங்க, வாங்க, கிட்ட வாங்க, செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க. என்ன கேக்க வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். ‘மிக்சர் மோசஸ்’னு பேரக் கேட்டதுமே, சரி, குடிசையில பொறந்தான், அம்மா தாலிய வித்து மைக் வாங்கிக் குடுத்தாங்க, பையன் தொப்பியத் திருப்பிப் போட்டு கைய இப்பிடியும் அப்பிடியும் ஆட்டி ராப் பாடி மெட்ராஸையே கலக்கினான், அப்புறம் குடிச்சான், விழுந்தான், திரும்ப எழுந்தான், சினிமாவுல நடிகனா ஜெயிச்சான், நாம மூக்கச் சிந்திட்டு ஒரு கைதட்டு தட்டிட்டுப் போலாம், அதான? கைக்குட்டைய உள்ள வைங்க. எங்கம்மா தாலி எங்கம்மா கழுத்துலயேதான் இருந்துது. மைக்கு சர்ச்சுல ஓசியில கெடச்சுது. குடிக்கிற பழக்கமும் இல்ல, பீரு குடிச்சா எனக்கு வயிறு ஊதும். திரும்ப எழுந்தான்றீங்க பாருங்க, அங்கதான் சிக்கல், ஏன்னா இப்ப நான் செத்துப் போயிருக்கேன். ஐயய்யோன்னு பாக்காதீங்க, இது ஷூட்டிங். ராயபுரத்துல ஒரு சந்து, பட்டப்பகல், ஷாமியானா, அதுக்குக் கீழ மரபெஞ்சு, பெஞ்சு மேல நான். காலு கட்டைவெரல் ரெண்டையும் சேத்துக் கட்டியாச்சு, மூக்குல பஞ்சு, நெத்தியில காசு, தாடைய மேல தூக்கி உச்சந்தலையில முடிச்சுப் போட்டு ஒரு வெள்ளத்துணி. வாயால பொழச்சவன் நான், என் வாய இவ்ளோ இறுக்கமா இதுவரைக்கும் யாரும் கட்டினதில்ல, என் பொண்டாட்டி ரெஜினா எவ்வளவோ முயற்சி பண்ணியும். கதையில நான் ஹீரோவோட அப்பன், கஜபதி, ஒரு காலத்துல மேடையேறிப் பாடின ஆளு, படம் ஆரம்பிக்கும்போதே செத்துட்டேன். டைரக்டர் நிரஞ்சன், என் பொண்ணு வயசுதான் இருக்கும், காதுகிட்ட குனிஞ்சு, ‘மோசஸ் சார், ஒண்ணே ஒண்ணுதான். கேமரா உங்க மூஞ்சி மேல வந்து ரொம்ப நேரம் நிக்கும். மூச்சு தெரியக்கூடாது’ன்னாரு. சரின்னு தலையாட்டினேன். ‘தலையும் ஆடக்கூடாது சார்.’ நல்ல பையன். இந்தப் பொணத்து மேல எனக்கு ஒண்ணும் கோவமில்லீங்க. நான் ஒத்துக்கிட்டதே இதுக்காக இல்ல. போன மாசம் அசோசியேட் டைரக்டர் பிரவீணா போன் பண்ணுது, ‘சார், உங்களுக்கு ரெண்டு போர்ஷன். ஒண்ணு சாவு. இன்னொண்ணு ஃப்ளாஷ்பேக், கஜபதி மேடையில பாடுறாரு, உங்களோட தண்ணி லாரி பாட்டையே வெச்சுக்கலாம்னு டைரக்டர் சொல்றாரு.’ அந்தப் பொண்ணு சொன்னதுல எனக்கு ஒழுங்காக் கேட்டது பின்பாதிதான். சாவு எனக்குப் பழகின வேல. பாட்டுன்னு ஒருத்தர் கூப்புட்டுதான் ரொம்ப நாளாச்சு.

கண்ண மூடிட்டா எனக்கு இன்னும் நல்லாத் தெரியும். இப்ப தலமாட்டுல நிக்கிறது பிரவீணா, ஷூ சத்தம், வலது காலக் கொஞ்சம் தேச்சு வைக்கும். கால்மாட்டுல சகுந்தலாக்கா, என் பொண்டாட்டியா அழ வந்தவங்க, ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுல சீனியர், வெத்தல வாசன, அழறதுக்கு முன்னாடி தொண்டைய ஒரு தடவ ‘க்ர்ம்’னு செருமுவாங்க, ஆட்டோ ஸ்டார்ட் பண்ற மாதிரி. டைரக்டர் தம்பி தூரத்துல மானிட்டர்கிட்ட, பேனாவோட மூடியப் போட்டுப் போட்டு எடுக்கறாரு, டிக், டிக். எதிர்வீட்டு வாசப்படியில அமலோற்பவம்மா, இந்தச் சந்துலயே அவங்க வீட்டத்தான் மேக்கப் போட எடுத்திருக்காங்க, அவங்க பூண்டு உரிக்கிறாங்க, ஷூட்டிங் வந்ததுலேர்ந்து அந்தப் படிய விட்டு நகரல, டிவி பாக்கிற மாதிரி எங்களப் பாத்துட்டு இருக்காங்க. ஒருத்தர மாதிரி பேசணும்னா அவரு கொரல எடுக்கக்கூடாதுங்க, எல்லாரும் அங்கதான் தப்புப் பண்றாங்க. அவரு பேசறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பாரு பாருங்க, அத எடுக்கணும். மூச்சு வந்துட்டா கொரல் தானா வந்து உக்காந்துக்கும். கோவக்காரன் மூக்கால இழுப்பான். கடன் கேக்க வந்தவன் இழுத்துட்டுப் பாதிய உள்ளயே வெச்சுக்குவான். எங்க சர்ச்சுல சாமியாரு பிரசங்கத்துக்கு முன்னாடி பெருமூச்சு விடுவாரு, நம்ம பாவத்தையெல்லாம் இப்பதான் தலையில தூக்கி வெச்ச மாதிரி, அத நான் பதிமூணு வயசுல பண்ணிக் காட்டப்போயி அவரே பின்னாடி நின்னு பாத்துட்டு, அடிக்கல, சிரிச்சுட்டு ஆண்டு விழாவுல பண்ணுன்னு மைக்கக் கையில குடுத்துட்டாரு. அந்த மைக்க நான் திருப்பிக் குடுக்கவேயில்ல. எங்கப்பா ஹார்பர்ல கிரேன் ஓட்டினவரு. கப்பல்காரன் எவனோ விட்டுட்டுப் போன கேசட்டு ஒண்ணக் கொண்டாந்தாரு. போட்டுக் கேட்டா, ஆளு பாடவும் இல்ல, பேசவும் இல்ல, தாளத்துல சண்ட போடுறான். ஒரு வார்த்த புரியல. ஆனா எனக்கு அந்த எடம் தெரியும், அது எங்க தெரு கொழாயடி, கொடத்த வெச்சுட்டு வரிசையில நிக்கும்போது தெரு அக்காங்க ரெண்டு பேரு மூச்சு விடாம ஒருத்தர ஒருத்தர் கிழிப்பாங்க பாருங்க, அதே தாளம், அதே வேகம், மூச்சு வாங்க நின்னா எதிராளி பூந்துருவா, அதனால நிறுத்தவே கூடாது. அப்பிடி வந்ததுதான் தண்ணி லாரி. ஒரே மூச்சுல ஏழு பேரு. வரிசையில முன்ன நிக்கிற முனிம்மாக்கா, பின்ன நிக்கிற ரோசி, நடுவுல பூந்த கெழவன், லாரி டிரைவரு, லாரி கிளீனரு, போலீஸ்காரரு, கடைசியில ஆளே இல்ல, காலியான பைப்பு, காத்து மட்டும் வர்ற சத்தம். தள்ளு தள்ளு கொடத்தத் தள்ளு லாரி வந்தாச்சு, முந்தி வந்த என் கொடத்த எவடி மிதிச்சா... அத ஒரு கேசட்டுலயும் பதிவு பண்ணேன், காலேஜ் காலேஜாவும் பாடினேன், அப்ப ராப்புன்னா என்னன்னே தெரியாது, வாத்தியாருங்கல்லாம் இந்தப் பையனுக்கு வலிப்பு வந்துடுச்சான்னு எழுந்து நிப்பாங்க. கிண்டியில ஒரு காலேஜ்ல பாதியில கரண்ட்டு போச்சு. ஸ்பீக்கர் செத்துப் போச்சு. நான் நிறுத்தல. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. பைப்புச் சத்தம் முடிஞ்சப்போ அங்க ஒரு அமைதி இருந்துது, கைதட்டு வர்றதுக்கு முன்னாடி, அந்த அமைதியத்தாங்க நான் இன்னும்...

‘ரோலிங்!’ சரி, சாவு. காலப் பாக்காத, கையப் பாக்காத, வயித்த மறந்துடு. கேமரா கிரேன்ல மேலேர்ந்து எறங்குது, எப்பிடித் தெரியும்னா வெயில் மூஞ்சியில விழுந்துட்டு இருந்தது இப்ப நிழலாவுது, நெத்தியில ஆரம்பிச்சு மூக்கு, தாடி. சகுந்தலாக்கா ‘க்ர்ம்’. ‘ஐயோ என் ராசா, என்ன விட்டுட்டுப் போயிட்டியே, உன் பாட்டக் கேக்காம நான் எப்பிடித் தூங்குவேன்...’ நல்லா அழறாங்க. பாட்டக் கேக்காமன்னு சொன்னதுதான் தப்பு, பாட்டுன்னதும் எனக்குள்ள அது ஆரம்பிச்சுருச்சு, நான் கூப்பிடல, அதுவா. தள்ளு தள்ளு கொடத்தத் தள்ளு லாரி வந்தாச்சு, முந்தி வந்த என் கொடத்த எவடி மிதிச்சா, மிதிச்சா என்னடி மினுக்கி உங்கப்பன் ரோடா, ஆத்தா கொஞ்சம் நவுருங்கடி மாத்தர போடணும், ஏய் வரிசைல வா பெருசு வரிசைல வா, பின்னால வா பின்னால வா ரைட்டு ரைட்டு ரைட்டு... ‘கட்! கட்! சார், வயிறு அசையுது.’ ரைட்டு. இங்கதாங்க நிக்குது. எப்பவும் இங்கதான். கிளீனர் வரைக்கும் வந்துடுறேன், ரைட்டு ரைட்டு ரைட்டுன்னு வண்டியப் பின்னால எடுக்கறேன், அதுக்கப்புறம் போலீஸ்காரரு விசில் ஊதணும், ஊதறதுக்கு உள்ள காத்து இல்ல. சகுந்தலாக்கா என் காலத் தட்டி, ‘யோவ் மோசஸு, செத்தும் அடங்கமாட்டியா நீ? கிளிசரின் காயுதுய்யா’ன்னாங்க. ‘உம் ஊம் ஊம்’னேன். ‘என்னாது?’ பிரவீணா தாடைக்கட்ட லேசா எறக்கி விட்டுது. ‘உங்க அழுகையில உண்மையிலேயே எழுந்துருவேன் போலருக்குக்கா, அவ்ளோ சத்தம்’னேன். சுத்தி நின்ன கூட்டமே சிரிச்சுது. சிரிப்பு வர்றதுக்கு எவ்ளோ நேரம் விடணும்னு எனக்கு இன்னும் தெரியும், பாருங்க. அது போகல. நான் நடிகனான கதையும் இந்தச் சிரிப்பாலதான். மொதல்ல சினிமாப் பாட்டுக்கு நடுவுல எட்டு வரி ராப்பு பாடக் கூப்டாங்க, போனேன். ஒரு டைரக்டர் கண்ணாடி ரூமுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு, இந்தத் தாடியும் இந்த ஒடம்பும் வேஸ்ட்டாப் போகக்கூடாது, வில்லன் பக்கத்துல நிறுத்துன்னாரு. மொத படத்துல எனக்கு ஒரு பக்கம் வசனம் இருந்துது, நான் அதுல மூணு கொரல் போட்டேன், தியேட்டர்ல விசில். அடுத்ததுல அர பக்கம். அதுக்கடுத்து, ‘டேய், அவன் நம்ம ஏரியாவுக்குள்ள வந்துட்டான்டா’, அவ்ளோதான். அப்புறம் ‘அண்ணே!’ மட்டும், அதுவும் கதவத் தொறந்துட்டு வந்து. அப்புறம் ஒண்ணும் இல்ல, முறைக்கணும். கத்திக்குத்து, புல்லட், லிஃப்ட்டுலேர்ந்து விழறது, லாரி ஏத்தறது, ஒரு படத்துல வெளிநாட்டு நாயி. எந்த எடத்துல செத்தாலும் இன்டர்வெல்லத் தாண்ட மாட்டேன். யாரும் என்னத் தள்ளிவிடல, யாரும் கதவ மூடல. அங்கங்க ஒரு வரி, ஒரு வரியா எடுத்துட்டே இருந்தாங்க, சாப்பாட்டுல கல்லு பொறுக்கற மாதிரி, கடைசியில பாத்தா தட்டுல நான் மட்டும் இருக்கேன், வாயக் கட்டி வெச்சிருக்கு.

‘பிரவீணா’ன்னேன், முடிச்ச அது திரும்பப் போடறதுக்குள்ள. ‘சொல்லுங்க சார்.’ ‘அந்த ஃப்ளாஷ்பேக் எப்பம்மா வெச்சிருக்கீங்க? தொண்டையக் கொஞ்சம் தயார் பண்ணிக்கணும் பாரு.’ அந்தப் பொண்ணு மூச்சு இழுத்துது. நெஞ்சு வரைக்கும் போகாம தொண்டையிலயே நின்ன மூச்சு. ‘பாத்துக்கலாம் சார், மொதல்ல இத முடிச்சுருவோம்’னு துணிய இறுக்கிக் கட்டிட்டுது. அந்த மூச்சு எனக்குத் தெரியும். எந்த மூச்சுக்கு என்ன கொரல் வரும்னு சொல்றவன்தான நான், இப்ப சொல்லிட்டிருந்தேனே. ஆனா தெரியும்னு சொல்லமாட்டேன். வெயில், காத்தாலேர்ந்து நிக்குது அந்தப் பொண்ணு, எளச்சிருக்கும், எளப்புலயும் மூச்சு தொண்டையில நிக்கும். நிக்குமா? நிக்கும். டிக், டிக், டைரக்டர் தம்பி பேனா. மேடை போடணும்ல, செட்டு லேட்டாயிருக்கும். சின்ன வயசு மாதிரி காட்டணும்னா மேக்கப் டெஸ்ட் பண்ணணும், தலைக்கு விக்கு வேணும், அதெல்லாம் எடுத்தவொடனே நடக்குமா. ரைட்டு ரைட்டு ரைட்டு. அதுவும் ஒரு விதத்துல நல்லதுதான், லேட்டானா எனக்கு இன்னும் நாளு கெடைக்கும். ஏன்னா உங்ககிட்ட சொல்றேன், வேற யாருகிட்டயும் சொல்லல, என்னால அத ஒரே மூச்சுல பாட முடியாதுங்க இப்ப. டெய்லி காத்தால காசிமேடு பக்கம் கடலோரத்துக் கல்லு மேல போயி உக்காந்து பாடிப் பாக்கறேன். வாக்கிங் போறேன்னு ரெஜினாகிட்ட சொல்லிட்டு. அவ கண்டுபுடிச்சுட்டா, ‘வாக்கிங் போறவரு செருப்புல மண்ணே இல்ல, ஆனா மாடி ஏறி வந்தவரு மாதிரி மூச்சு வாங்குது, யாரு வீட்டு மாடி?’ன்னா. டாக்டரு நெஞ்சு எக்ஸ்ரேவத் தூக்கி வெளிச்சத்துல காட்டினாரு, ரெண்டு பக்கமும் மேகம் மாதிரி. எல்லா மேடையிலயும் விட்ட புகை, எல்லா சண்டக் காட்சியிலயும் விட்ட புகை, நான் விட்ட புகை, எல்லாம் சேந்து குடியிருக்கு. ‘பேசறதுக்கு ஒண்ணும் பிரச்சன வராது, வேகமாப் பேசாதீங்க’ன்னாரு. வேகமாப் பேசாதீங்க. என்ன பண்ணச் சொல்றாரு, புரியுதுங்களா? ஃப்ளாஷ்பேக் நடந்துட்டா அத்தன பேரு முன்னாடி கிளீனருகிட்ட வண்டி நின்னுடுமோன்னு பயம். நடக்கலன்னா, நடக்கலன்னா என்ன பயம்னு கேளுங்க. எப்சிபா. என் பொண்ணு. பெங்களூருல இருக்கா. அவ பொறந்து அவளுக்கு வெவரம் தெரியறதுக்குள்ள நான் மேடைய விட்டுட்டேன். அவளுக்குத் தெரிஞ்ச அப்பா சாவுற அப்பாதான். மொத தடவ தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனப்போ, நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், தெரையில என்ன வெட்டுறாங்க, குழந்த என் கையப் புடிச்சிக்கிட்டே அப்பா அப்பான்னு தெரையப் பாத்துக் கதறுது. நான் இங்க இருக்கேன்டா கண்ணுன்னு சொல்றேன், என் பக்கம் திரும்பவேயில்ல. அதுக்கப்புறம் என் படம் எதையும் அவ பாக்கறதில்ல. கல்யாண வீடுங்கள்ல பசங்க ‘ஏய், அந்த செத்துப்போற அங்கிள்’னு ஓடி வந்து செல்ஃபி எடுக்கும், இவ அந்தப் பக்கம் போயிடுவா. போன மாசம் போன்ல சொன்னேன், ‘எப்சி, இந்தப் படத்துல அப்பா பாடுறேன்டா’ன்னு. அவ இழுத்த மூச்சு கேட்டுச்சு, வயித்துலேர்ந்து, முழுசா, குழந்த மாதிரி. ‘நெஜமாவாப்பா? நான் வரேன்ப்பா. மொத நாளே வரேன்.’ அந்த மூச்ச எந்தக் கொரலுக்கும் நான் போட்டுக் காட்டமாட்டேன். அது எனக்கு.

‘சார், இந்த வாட்டி ஃபுல் ஷாட் போறோம், கட் பண்ணாம. முடியுமா?’ டைரக்டர் தம்பி. முடியும்னு சொல்ல வாயில்ல, கட்டைவெரல ஆட்டினேன், அது ரெண்டும் சேந்து ஆடிச்சு. ‘ரோலிங்.’ ‘ஆக்‌ஷன்.’ ஒரு மூச்சு இழுத்தேன். மேல இல்லீங்க, கீழ, முதுகுப் பக்கம், பெஞ்சு மரத்துல முதுகு அழுந்தற மாதிரி, முன்னாடி ஒண்ணும் தெரியாது, பழைய வித்த, மேடையில மைக்குக்குக் கேக்காம இழுக்கறதுக்காகக் கத்துக்கிட்டது. இழுத்துப் பூட்டிட்டேன். நெழலு நெத்திக்கு வந்துது. ‘க்ர்ம். ஐயோ என் ராசா.’ கைங்க வந்து மூஞ்சியத் தொடுது, முன்ன பின்னத் தெரியாத கைங்க, ஒண்ணுல வெங்காய வாசன, ஒண்ணு ஐஸ் மாதிரி, ஒண்ணு நெஜமாவே நடுங்குது, யாருக்கோ யாரோ ஞாபகம் வந்துருச்சு போல. மால விழுது, செவ்வந்தி. ஈ ஒண்ணு ஒதட்டுல உக்காந்து நடக்குது. உள்ள அது ஆரம்பிச்சுருச்சு, நான் தடுக்கல, தள்ளு தள்ளு கொடத்தத் தள்ளு லாரி வந்தாச்சு, முனிம்மாக்கா வந்துட்டாங்க, இடுப்புல கை, மிதிச்சா என்னடி மினுக்கி உங்கப்பன் ரோடா, ரோசி அக்கா மூக்குத்திகூடத் தெரியுது, ஆத்தா கொஞ்சம் நவுருங்கடி, வரிசைல வா பெருசு, காது ரெண்டும் அடைக்குது, நெஞ்சுக்குள்ள யாரோ மெதுவாத் தட்டுறாங்க, தொறக்கமாட்டேன், பின்னால வா பின்னால வா ரைட்டு ரைட்டு ரைட்டு, இங்க நிக்கும், இங்கதான் நிக்கும், நிக்கல. விசில் ஊதிட்டாரு போலீஸ்காரரு. எப்பிடி ஊதினாருன்னு தெரியாது. எவன்டா வண்டிய ஏத்துனது எறங்குடா கீழ, இருட்டிக்கிட்டு வருது, கண்ண மூடியிருக்கேன், மூடின கண்ணுக்குள்ளயே இன்னொரு வாட்டி இருட்டுது, எறக்கினா தண்ணி எங்கய்யா தொறந்தா காத்துதான்யா, பைப்பு, ஸ்ஸ்ஸ், டொக், ஸ்ஸ்ஸ். முடிஞ்சுது. முழுசா. எல்லாரும், ஏழு பேரும், ஒருத்தரும் விட்டுப்போகாம. கடைசியில அந்த அமைதி வந்துது, கிண்டியில வந்த மாதிரியே. கேமரா என் மூஞ்சி மேலதான் நிக்குது, ஒரு முடி அசையலன்னு எனக்குத் தெரியும். இந்த ஊருல ஒருத்தருக்கும் கேக்காம நான் இப்ப பாடி முடிச்சேன். ‘கட்! ஓகே! சூப்பர் சார்!’

கைதட்டினாங்க. பஞ்ச எடுத்தாங்க, கட்ட அவுத்தாங்க, நான் காத்தக் குடிச்சேன், குடிச்சேன், குடிச்சுட்டே இருந்தேன். சகுந்தலாக்கா முந்தானையில என் நெத்தியத் தொடச்சு, ‘யோவ், ஒரு நிமிசம் நெஜமாவே போயிட்டியோன்னு பயந்துட்டேன்யா’ன்னாங்க. டைரக்டர் தம்பி ஓடி வந்து கையப் புடிச்சுக்கிட்டாரு. ‘சார், அவ்ளோ நேரம் எப்பிடி சார்? இந்த மாதிரி ஒரு... நான் பாத்ததேயில்ல.’ ‘பாடுறவன் தம்பி, மூச்சுதான் தொழிலு’ன்னேன். எனக்குச் சந்தோசம். மறைக்கல. முடியுதுல்ல! கிளீனரத் தாண்டிட்டேன்ல! எப்சிக்கு போன் பண்ணணும், எப்போன்னு தேதி கேட்டு லீவு சொல்லச் சொல்லணும். அப்ப பிரவீணா, ‘சார், எழுந்திரிக்காதீங்க, அப்பிடியே உக்காந்து கேமராவப் பாத்து ஒரு சிரிப்பு’ன்னுது. இது ஒரு சாங்கியம், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எங்க தொழில்ல பொணமா நடிச்சவன் எழுந்து போறதுக்கு முன்னாடி கேமராவப் பாத்து ஒரு தடவ சிரிக்கணும். படத்துல வராது. கேமரா அந்தாளக் கடைசியாப் பாத்த மூஞ்சி செத்த மூஞ்சியா இருக்கக்கூடாதுன்னு. நான் எத்தனையோ தடவ சிரிச்சிருக்கேன், ரத்தத்தோட, லாரி சக்கரத்துக்கடியில, நாயி பக்கத்துல. ஆனா வேற சீன் பாக்கி இருக்கறவன யாரும் சிரிக்கச் சொல்லமாட்டாங்க, அவன் எப்பிடியும் வந்து உசுரோட நிக்கப்போறான். வேல முடிஞ்சவனுக்குத்தான் சிரிப்பு. கேமராமேன் லென்ஸத் திருப்பி ஃபோக்கஸ் பண்றாரு. சின்னப் பசங்க, இந்த வெவரமெல்லாம் தெரியாது, பொணம்னா சிரிப்புன்னு யாரோ சொல்லிக் குடுத்திருப்பாங்க, அவ்ளோதான். அவ்ளோதான். நான் சிரிப்பாவே கேட்டேன், நேரம் பாத்து, லேசா. ‘எதுக்குத் தம்பி இப்பவே? அதான் ஃப்ளாஷ்பேக் இருக்குல்ல, அங்க வந்து மொத்தமாச் சிரிச்சுக்கறேன்.’ சிரிப்பு வர்ற எடம் அது. வரல. பேனா டிக் சத்தம் நின்னுருச்சு. பிரவீணா மூச்சு இழுத்துது, டைரக்டர் தம்பி இழுத்தாரு, கேமராமேன் இழுத்தாரு, எல்லாரும் இழுத்து வெச்சுக்கிட்டு ஒருத்தரும் விடல. எதிர்வீட்டுப் படியில அமலோற்பவம்மா மட்டும் பூண்டுத் தட்டக் கீழ வெச்சாங்க. ரொம்ப அக்கறையா, எனக்கு யாரும் சொல்லலியேன்னு பரிதாபப்பட்டு, சந்து முழுக்கக் கேக்கற மாதிரி சொன்னாங்க. ‘ஐய, அத போன வாரமே எடுத்துட்டாங்களே தம்பி, பின்னால சர்ச்சு கிரவுண்டுல! ஒல்லியா ஒரு பையன், உன்ன மாதிரியே தாடி ஒட்டி. ஸ்பீக்கர்ல உன் பழைய பாட்டத்தான் போட்டாங்க, நான் கேட்டவொடனே சொன்னேன், இது நம்ம மோசஸுன்னு. அவன் சும்மா வாய மட்டும் அசைச்சான், அம்சமா இருந்துச்சு. உன் கொரல்தான் அவங்ககிட்ட இருக்குதே, நீ எதுக்குப்பா?’